காய்ச்சல் பிள்ளைக்கு லீவா, ஸ்கூலா?

பாதி நாளில் ஸ்கூலிலிருந்து போன் வந்தால், கள்ளக்குறிச்சி டவுனில் ஆட்டோ பிடித்துப் போய் பிள்ளையைக் கூட்டி வந்துவிடலாம். கல்வராயன்மலை மேல் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பஸ்ஸை விட்டால் அரை நாள் கூலி போச்சு! எந்த நோவுக்கு எத்தனை நாள் லீவு என்று காலையிலேயே முடிவெடுத்தால் காசும் மிச்சம், அலைச்சலும் மிச்சம்.

1. காலையில் காய்ச்சல் மருந்து கொடுத்து ஸ்கூலுக்கு அனுப்பாதீர்கள். பாராசிட்டமால் 4 முதல் 6 மணி நேரம்தான் தாங்கும். மத்தியானத்துக்குள் உடம்பு மறுபடி கொதிக்கும், டீச்சரிடமிருந்து போன் வரும். மருந்தே இல்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்தால் அனுப்பலாம்.

2. வெறும் மூக்கொழுகல், காய்ச்சல் இல்லை, பிள்ளை துள்ளி விளையாடுகிறதா? தாராளமாக அனுப்புங்கள். பழைய பருத்திப் புடவையைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்து ஓரம் தைத்து, பையில் இரண்டு வையுங்கள். இருமல் 2 வாரம் தாண்டினால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம்.

3. வயிற்றுப்போக்கும் வாந்தியும் நின்று 2 நாள் ஆன பிறகே பள்ளிக்கூடம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டோடு ஜிங்க் மாத்திரையும் காசில்லாமல் தருவார்கள். போக்கு நின்றுவிட்டாலும் ஜிங்க்கை 14 நாளும் கொடுத்து முடியுங்கள்.

4. ஓ.ஆர்.எஸ். கரைக்க 1 லிட்டர் காலித் தண்ணீர் பாட்டிலே சரியான அளவு. பாக்கெட்டைப் பாதி பாதியாகப் போடாதீர்கள், உப்பு அளவு தப்பும். பாக்கெட் இல்லையா? கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பசிக்குச் சாமைக் கஞ்சி.

5. அம்மை போட்ட பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியாச்சு என்பதற்காக மட்டும் அனுப்பிவிட வேண்டாம். தலைமுடிக்குள்ளும் விரல் வைத்துப் பாருங்கள். கொப்புளம் எல்லாமே காய்ந்து பக்கு கட்டியிருந்தால்தான் பள்ளிக்கூடம். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் நர்சம்மாவிடம் உடனே சொல்லுங்கள்.

6. மணல்வாரி என்றால் தடிப்பு வந்த நாளிலிருந்து 4 நாள், பொன்னுக்கு வீங்கி என்றால் கன்னம் வீங்கியதிலிருந்து 5 நாள் வீட்டில். மணல்வாரிக்குத் தடுப்பூசி 9 மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயது வாக்கில் ஒன்று. தம்பி தங்கைக்கு விட்டுப்போயிருக்கிறதா என்று அட்டையைப் பார்த்துவிடுங்கள்.

7. மெட்ராஸ் ஐ வந்தால் பீளையும் நீரும் நிற்கும்வரை லீவு. வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு என்று எறிந்துவிடுங்கள். துண்டும் தலையணையும் தனி. தாய்ப்பால், போன வருஷத்து சொட்டு மருந்து, கடையில் கேட்டு வாங்கிய சொட்டு எதுவும் வேண்டாம்.

8. அங்கன்வாடிப் பிள்ளைக்கு வாயிலும் உள்ளங்கையிலும் கொப்புளமா? காய்ச்சல் விட்டு, புண் காய்ந்து, ஜொள்ளு வடியாமல் சாப்பிடும்வரை வீட்டில் வையுங்கள். ஆறிய தயிர்சாதம் எரியாமல் இறங்கும்.

9. கல்வராயன்மலையில் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளை லீவுக்கு வந்தால் முதலில் விரல் இடுக்கைப் பாருங்கள். சொறி இருந்தால் டாக்டர் தரும் மருந்தை வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரி பூசுங்கள். காலையில் குளிக்க வைத்து ஹாஸ்டலுக்கு அனுப்பலாம். துவைக்க முடியாத துணியை ஒரு வாரம் பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் போதும்.

10. பேனுக்கு லீவே வேண்டாம்! ஈரத் தலையில் எண்ணெய் தடவி, 3 நாளைக்கு ஒரு தரம் ஈருளியால் 2 வாரம் வாரினால் புதிதாய்ப் பொரித்ததும் சிக்கிவிடும்.

11. மலையிலிருந்து இறங்குவதற்கு முன் 104-க்கு போன் போட்டு யோசனை கேளுங்கள், பஸ் காசு மிச்சம். ஆனால் குடிக்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது, வலிப்பு, எழுப்பினாலும் கண் சொருகுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், 108.

12. விட்டுப்போன பாடத்துக்கு டியூஷன் காசு எதற்கு? மணற்கேணி செயலியில் பாட வீடியோ இலவசம். கூடப் படிக்கும் பிள்ளையிடம் நோட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையே நோட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், லீவு போட்டதே வீண்!