வீடு வாங்க வசதி இருக்கிறதா? முதலில் கணக்குப் பாருங்கள்

சாய்ந்தமருது, மருதமுனை, கல்முனைக்குடி போன்ற நமது கரையோர ஊர்களில் வீடு பெரும்பாலும் மகளுக்காகவே தேடப்படுகிறது. கிழக்கே கடல், மேற்கே வயல் என ஊர் ஒடுங்கிக் கிடப்பதால் காணிக்கோ தட்டுப்பாடு. எனவே வீடொன்று விலைக்கு வந்ததும் பெற்றோர் நகையை, வயற்காணியை, சிலவேளை கடையின் முதலையே விற்று வாங்கிவிடுகின்றனர். வீடு கைக்கு வருகிறது. உழைத்துத் தந்த முதல் போய்விடுகிறது. வாங்கிய பின்னரும் குடும்பம் ஓடுமா என்பதை முன்கூட்டியே அறிய ஐந்து விடயங்களைப் பார்ப்போம்.

1. முழுச் செலவு: பேசிய விலையோடு செலவு முடிவதில்லை. முத்திரைத் தீர்வை ஏறக்குறைய 4 வீதம். 80 இலட்சம் ரூபா வீட்டுக்கு இதுவே 3 இலட்சத்தைத் தாண்டும். நொத்தாரிசு கட்டணம், நில அளவை, திருத்த வேலைகள் என்பன வேறு.

2. மாத மீதி: கடந்த 12 மாத வரவு செலவை எழுதுங்கள். வியாபாரிகள் பெருநாள் மாத விற்பனையை வைத்துக் கணக்கிடக் கூடாது. விவசாயிகளுக்கு வருமானம் போகத்துக்கே வரும். வெளிநாட்டு உழைப்பு ஒப்பந்தம் முடியும்வரை மட்டுமே.

3. வங்கித் தவணை: 2005 ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் வட்டியில்லா நிதி வசதிகளுக்கு வழி திறந்தது. 2011 இல் அமானா வங்கி தொடங்கியது. 'குறைந்து செல்லும் முஷாரகா' முறையில் வங்கியும் நாமும் கூட்டாக வீட்டை வாங்குகிறோம். வங்கியின் பங்குக்கு வாடகை செலுத்தியபடி, அப்பங்கையும் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்கிறோம்.

உதாரணமாக, ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 160,000 ரூபா, செலவு 95,000 ரூபா, மீதி 65,000 ரூபா என்போம். வங்கியின் பங்கு 50 இலட்சம், காலம் 15 வருடம், வாடகை வருடத்துக்கு 12 வீதம் எனின் முதல் மாதம் வாடகை 50,000, பங்குக்கு ஏறக்குறைய 28,000, மொத்தம் 78,000 ரூபா. இக்குடும்பத்தால் இயலாது. வங்கியின் பங்கு 30 இலட்சமானால் தவணை ஏறக்குறைய 47,000 ரூபா. இது தாங்கும். ஆகவே அதற்கேற்ற சிறிய வீட்டையே தேட வேண்டும்.

4. வாடகை உயர்வு: 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வாடகை வீதம் சந்தையோடு மாறும் ஒப்பந்தமாயின் அச்சுமை நம்மீதும் விழும். மேற்சொன்ன 30 இலட்சத்துக்கு 12 வீதம் 20 ஆனால் தவணை 67,000 ரூபாவாகி மீதியையே தாண்டிவிடும். உச்ச வரம்பு உண்டா என ஒப்பமிடுமுன் கேளுங்கள்.

5. உறுதி: அரச அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் இணக்கமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. 2004 சுனாமியின் பின் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் கட்டடங்கள் தடுக்கப்பட்டன. அத்தடை பின்னர் தளர்த்தப்பட்டாலும், கடலோரம் வாங்குவோர் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி பற்றி விசாரிப்பது அவசியம். பதிவகத்தில் உறுதியைத் தேடிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

இறுதியாக ஓர் எளிய பரீட்சை. வரப்போகும் தவணையை இன்றிலிருந்து ஆறு மாதங்களுக்குத் தனிக் கணக்கில் இட்டு வாருங்கள். கடன்படாமல், கடை முதலில் கைவைக்காமல் அது முடிந்தால் வீட்டைப் பேசலாம். சேர்ந்த பணத்தை அவசரத் தேவைக்கென வைத்துக்கொள்ளுங்கள். இடையில் தடுமாறினால் இன்னும் சிறிய வீட்டையோ, இன்னும் சில வருடச் சேமிப்பையோ தெரிவு செய்வதே புத்திசாலித்தனம்.