முதுகெலும்பும் திசைச் சொற்களும்

குழித்தறியில் குனிந்தமர்ந்து நெய்வோரும் வயலில் நாற்று நடுவோரும் இடுப்புவலியை நன்கறிவர். ஆயினும் மருத்துவர் "எவ்விடத்தில்?" என வினவினால், பலர் முதுகைப் பொதுவாகத் தடவிக் காட்டுவதோடு அமைகின்றனர். ஆகவே முதுகெலும்பின் அமைப்பையும் உடலின் திசைகளையும் அங்கத்தினர்களுக்கு ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

உடற்கூற்று நூலார், மனிதன் உள்ளங்கைகளை முன்னோக்கி வைத்து நிமிர்ந்து நிற்பதாகக் கொண்டே திசை கூறுவர். வயிறு முன்புறம், முதுகு பின்புறம். நடுக்கோட்டிற்கு அண்மையிலுள்ளது உட்புறம், விலகியது வெளிப்புறம். குப்புறப் படுத்தாலும் இவை மாறா. இடமும் வலமும் நோயாளியினுடையவையே. எதிரே நிற்பவருடையவை அல்ல. (எருதுக்கு முதுகு மேற்புறமாயிற்றே என்பார்க்கு: இவ்விதி மனிதனுக்குரியது.)

பிறக்கும்பொழுது முள்ளெலும்புகள் பெரும்பாலும் 33. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5. அவற்றின்கீழ் 5 இணைந்து திரிக எலும்பாகவும், எஞ்சிய 4 வாலெலும்பாகவும் அமைகின்றன. விரலுக்குத் தட்டுப்படுபவை பின்புற முட்களே. பாரந்தாங்கும் பருத்த பகுதி முன்னே ஆழத்திலுள்ளது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட குழாயில் தண்டுவடம் இறங்கி, இடுப்பின் மேற்பகுதியில் முடிகின்றது. அதன்கீழ்ப் பாவுநூல் போல் நரம்புக் கற்றை தொங்குகின்றது.

எலும்புகளுக்கிடையே நார்வளையமும் நடுவில் கூழும் கொண்ட தட்டுகள் உள்ளன. 'டிஸ்க்' என்பது இதுவே. குனிந்து மூட்டை தூக்குங்கால் தட்டின் முன்பகுதி நெருக்குண்டு, கூழ் பின்னோக்கித் தள்ளப்படுகின்றது. நேர்பின்னே ஒரு நார்ப்பட்டை தடுப்பதால், பிதுக்கம் பெரும்பாலும் பின்புறத்தில் ஒரு பக்கமாகவே நிகழும். காலுக்குச் செல்லும் நரம்பு அவ்வழியே செல்கின்றது. கோளாறு இடுப்பில், வலியோ காலில்! தட்டு 'விலகியது' என்பது பேச்சு வழக்கேயன்றி உண்மையன்று; அது பிதுங்குகின்றது. எனவே முதுகை முறுக்கித் தட்டைப் 'பொருத்திவிடுவோம்' என்பாரை நாம் நம்புவதற்கில்லை.

"இடுப்பின் கீழ்ப்பகுதியில் இடப்பக்கம் தொடங்கி, தொடையின் பின்புறம் இறங்கி, பாதத்தின் வெளிப்புறம் வரை வலிக்கின்றது" என்று கூறின், எந்நரம்பு நெருக்குண்டது என மருத்துவர் ஊகித்தல் எளிது. பெரும்பாலோர்க்கு இவ்வலி சில வாரங்களில் தணியும்; எந்நேரமும் படுத்திருத்தல் வேண்டா. ஆனால் தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், சிறுநீர் பிரியாமை அல்லது அறியாமற் கழிதல், கால் வலுவிழத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், தறியையும் ஏரையும் விட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். நரம்புக் கற்றை நசுங்கியிருக்குமாயின், காலந்தாழ்த்தினால் இழந்த உணர்ச்சி மீளாமற் போகலாம்.