கான்ராடின் காங்கோ: ஒரு மறுநோக்கு

ஜோசப் கான்ராடின் 'இருளின் இதயம்' 1899-இல் இதழொன்றில் தொடராக வெளிவந்தது. 1890-இல் தாம் காங்கோ ஆற்றில் மேற்கொண்ட பயணத்தையே ஆசிரியர் அதற்கு அடிப்படையாகக் கொண்டார். தந்தத்திற்காக ஐரோப்பியர் இழைத்த கொடுமையைச் சாடும் நூல் என்று நான் அதைப் போற்றினேன். வகுப்புக் கட்டுரையிலும் அவ்வாறே எழுதினேன்.

பின்னர், நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபி 1975-இல் அமெரிக்காவில் ஆற்றிய சொற்பொழிவைப் படித்தேன். இந்நூலில் ஆப்பிரிக்க மாந்தர் இரண்டே இடங்களில்தாம் பேசுகின்றனர் என்று அவர் சுட்டுகிறார். நூலை மீண்டும் புரட்டினேன். மற்ற இடங்களிலெல்லாம் அவர்கள் வெறும் கூச்சலாகவும் நிழலாகவுமே நிற்கின்றனர். முதல் வாசிப்பில் அவர்தம் மௌனம் என் செவிக்கு எட்டவே இல்லை!

எட்வர்ட் சயீத் 1993-இல் வேறொரு கோணத்தில் நோக்கினார். பேரரசின் கொடுமையைக் கான்ராட் உணர்ந்தார். ஆனால், அடிமைப்பட்டோர் விடுதலை பெற்று வாழும் நிலையை அவரால் எண்ணிப் பார்க்க இயலவில்லை என்பது சயீதின் முடிவு. எனக்கு இதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது.

எனவே, நூலை ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. பேசுபவர் யார், பேச்சு மறுக்கப்பட்டவர் யார் என்று கேட்டுக்கொண்டே படித்தல் வேண்டும். பின்காலனியத் திறனாய்வு ஆசிரியரை மட்டுமன்று, வாசகனாகிய என்னையும் கூண்டில் ஏற்றுகிறது. அதுவே அதன் பயன் என்பது என் துணிபு.