புண்ணைக் காயப் போடாதீர்கள்

நோயாளி படுத்த படுக்கையாக இருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சு என் காதில் விழாமல் இருப்பதில்லை: “கட்டைப் பிரிச்சுக் கொஞ்ச நேரம் காத்தாட விட்டா சீக்கிரம் காஞ்சிடும்ல சிஸ்டர்?” கேட்பவர் மகளாக இருப்பார், மருமகளாக இருப்பார், சம்பளத்துக்கு வந்து பார்த்துக்கொள்ளும் அக்காவாக இருப்பார். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே இதில் இல்லை. மூடி வைத்தால் புண் புழுங்கி அழுகிவிடுமாம். திறந்து போட்டு, ஃபேன் காற்றில் காயவைத்து, மேலே பவுடர் தூவினால் ஆறிவிடுமாம். பாசத்தோடு செய்கிற இந்த வேலைதான் ஆற வேண்டிய புண்ணையும் ஆறவிடாமல் இழுத்தடிக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வீட்டில் அதே கதை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நம்பிக்கை 1: காற்றாட விட்டால்தான் புண் ஆறும்

உண்மை: நேர் எதிர். இது நேற்று வந்த கண்டுபிடிப்பும் அல்ல. 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் பன்றிகளின் தோலில் ஆழமில்லாத காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்து விட்டார், சிலவற்றை பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. ‘நேச்சர்’ இதழில் இது வெளிவந்த மறு ஆண்டே, மனிதத் தோலிலும் அப்படித்தான் நடக்கிறது என்று ஹின்மன், மைபாக் என்ற இரு மருத்துவர்கள் அதே இதழில் எழுதினார்கள்.

காரணம் எளிது. புதுத்தோலின் செல்கள் புண்ணின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகர்ந்து வர வேண்டும். அவற்றால் ஈரமான பரப்பில்தான் நகர முடியும். புண் காய்ந்து பொருக்கு கட்டினால் அந்தச் செல்கள் பொருக்குக்கு அடியில், ஈரம் மிஞ்சியிருக்கும் ஆழம் வரை இறங்கிச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. “பக்கு தட்டிடுச்சு, ஆறிடுச்சு” என்று வீட்டில் சந்தோஷப்படும்போது உள்ளே வேலை தாமதமாகிக்கொண்டிருக்கிறது. புண்ணில் ஊறும் நீரைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். செத்த சதையைக் கரைக்கும் நொதிகளும், செல்களை வளரச் சொல்லும் காரணிகளும் அந்த நீரில்தான் இருக்கின்றன. அதை உலர்த்துவது மருந்தைக் கீழே கொட்டுவதற்குச் சமம்.

“மூடினால் சீழ் பிடிக்குமே?” என்று அடுத்த கேள்வி வரும். 1990-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஈரம் காக்கும் கட்டுகள் போட்ட புண்களில் 2.6 சதவீதத்திலும், வழக்கமான கட்டுகள் போட்டவற்றில் 7.1 சதவீதத்திலும் தொற்று ஏற்பட்டதாகக் கணக்கிட்டது. கிருமி வருவது வெளியிலிருந்து. திறந்து கிடக்கும் புண்ணில்தான் ஈ உட்காரும், விரல் படும், போர்வை உரசும்.

ஈரம் வேண்டும் என்றால் புண் நீரில் மிதக்க வேண்டும் என்று பொருளல்ல. நீர் தேங்கினால் சுற்றியுள்ள நல்ல தோல் வெளுத்து ஊறிப்போகும். மிகுதியை உறிஞ்சி, தேவையானதை மட்டும் விட்டுவைக்கிற ஒரு பொருள் வேண்டும். அதற்காகவே உருவானது, பாலியூரித்தேன் நுரையால் ஆன ஃபோம் டிரஸ்ஸிங். ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பாயரின் குழு 1937-இல் பாலியூரித்தேன் வேதியியலுக்கு வழி திறந்தது. பாலியூரித்தேனின் மூலப்பொருள் கலவையில் தண்ணீர் சேரும்போது பிறக்கும் கார்பன் டை ஆக்சைடு குமிழிகளால்தான் அது நுரைத்து ஃபோம் ஆகிறது. சோபாவுக்கும் மெத்தைக்கும் போன அந்தப் பொருள், 1970-களிலிருந்து புண்ணுக்கும் வந்தது. உள்பக்கம் நீரை ஈர்த்துக்கொள்ளும் ஃபோம். வெளிப்பக்கம் ஒரு மெல்லிய படலம். நீராவி அதன் வழியே வெளியேறும், தண்ணீரும் கிருமியும் உள்ளே வராது. நீங்கள் ஆசைப்படுகிற ‘காற்றோட்டம்’ அதற்குள்ளேயே இருக்கிறது. புண்ணைத் தொடும் பக்கம் சிலிகான் பூசியிருந்தால் பிரிக்கும்போது ஒட்டாது. காய்ந்த காஸ் துணியைப் பிய்க்கும்போது நோயாளி அலறுகிறாரே, அப்போது வலி மட்டுமல்ல, புதிதாக முளைத்த சதையும் துணியோடு வந்துவிடுகிறது.

புண் வருவதற்கு முன்பே ஃபோம் காக்கும் என்பதற்கும் சான்று உண்டு. மெல்போர்னில் விபத்திலும் கடும் நோயிலும் சிக்கிய 440 பேரிடம் நிக் சாண்டமரியா குழுவினர் நடத்திய சோதனையில், அடிமுதுகிலும் குதிகாலிலும் முன்கூட்டியே பல அடுக்கு சிலிகான் ஃபோம் ஒட்டப்பட்டவர்களில் 3.1 சதவீதம் பேருக்குப் படுக்கைப்புண் வந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 13.1 சதவீதம். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். குதிகாலில் கறுத்து, காய்ந்து, இறுகி, சுற்றிச் சிவப்போ சீழோ இல்லாமல் இருக்கும் புண்ணையும், ரத்த ஓட்டம் குறைந்து காய்ந்து கறுத்த விரலையும் ஈரப்படுத்தக் கூடாது. நாற்றம், காய்ச்சல், பரவும் சிவப்பு இருந்தால் கட்டைப் பற்றிய பேச்சே பிறகுதான், முதலில் மருத்துவர். சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணுக்கு முதல் நாளே மருத்துவர்.

நம்பிக்கை 2: தினமும் கட்டை மாற்ற வேண்டும்

காஸ் துணிப் பழக்கம் இது. ஃபோம் டிரஸ்ஸிங்கைப் பொதுவாக 3 முதல் 7 நாள் வரை வைத்திருக்கலாம். நீர் ஓரம்வரை பரவினால், அழுக்கானால், விளிம்பு பிரிந்தால் முன்பே மாற்றுங்கள். “விலை அதிகம்” என்பவர்கள் தினசரிக் காஸ், பஞ்சு, பிளாஸ்திரி, கட்டுப்போட வருபவரின் கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கட்டும்.

நம்பிக்கை 3: ஸ்பிரிட், டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் புண் சுத்தமாகும்

கிருமியோடு புதுச் செல்லும் சாகும். நுரை பொங்குவது ஆறுவதன் அடையாளம் அல்ல. சலைன் போதும், இல்லாவிட்டால் கொதித்து ஆறிய நீர்.

நம்பிக்கை 4: நடுவில் ஓட்டையுள்ள வட்டத் தலையணை படுக்கைப்புண்ணைத் தடுக்கும்

தடுக்காது. ஓட்டையைச் சுற்றியுள்ள விளிம்பு அழுத்தி, நடுத்தோலுக்கு வரும் ரத்தத்தைக் குறைக்கிறது. தண்ணீர் நிரப்பிய கையுறையைக் குதிகாலுக்கு அடியில் வைப்பதும் வீண். கெண்டைக்கால் முழுக்கத் தாங்கும்படி தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் விடுங்கள். சிவந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். அடியில் நைந்திருக்கும் திசு இன்னும் சிதையும்.

நம்பிக்கை 5: ஃபோம்தானே, கடையில் வாங்கி வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்

கூடாது. மெத்தைக் கடை ஃபோம் கிருமி நீக்கப்பட்டதல்ல, வெளிப்படலம் கிடையாது, துகள் உதிர்ந்து புண்ணில் தங்கும்.

நம்பிக்கை 6: குளிப்பாட்டும் ஸ்பாஞ்சை வெந்நீரில் அலசினால் வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம்

சமையலறை ஸ்பாஞ்சுகளை ஆராய்ந்து 2017-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு: அவ்வப்போது சுத்தம் செய்யப்பட்டவற்றில் பாக்டீரியா குறைவாக இல்லை. படுக்கையில் இருப்பவரைத் துடைக்க மெல்லிய பருத்தித் துணி எடுங்கள். துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். வெயிலில் காயவேண்டியது துணி, புண் அல்ல.

இவ்வளவு சொன்ன பிறகும், எந்த ஃபோமும் மனிதக் கைக்கு மாற்றல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வாட்டர் பெட் வாங்கிவிட்டோம், ஏர் பெட் வாங்கிவிட்டோம் என்று நோயாளியைத் திருப்பாமல் விடுகிறார்கள். திருப்பியே ஆக வேண்டும். பலருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. இரவிலும்தான். அந்த வேலை பெரும்பாலும் வீட்டின் ஒரே ஒரு பெண் தலையில் விழுகிறது. அவருக்கு இடுப்பு ஒடிகிறது, தூக்கம் போகிறது, அதைக் கேட்க ஆளில்லை. வீட்டு ஆண்களும் திருப்பக் கற்றுக்கொள்ளுங்கள். இருவர் சேர்ந்தால் ஒரு விரிப்பைப் பிடித்து, தோல் உரசாமல், இரண்டு நிமிடத்தில் திருப்பிவிடலாம்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வலி தணிப்புச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தது. அப்படிப் போகும் ஒவ்வொரு செவிலியரின் பையிலும் ஃபோம் டிரஸ்ஸிங் இருக்க வேண்டும். போகும் வீட்டில் அதை ஒட்டவும், நோயாளியைத் திருப்பவும் குடும்பத்துக்குக் கற்றுத்தர நேரமும் ஒதுக்க வேண்டும். ஆழமான படுக்கைப்புண்ணுக்கு மருத்துவமனையில் செய்யும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை.

நீங்கள் இன்றே செய்ய வேண்டியது மூன்றுதான்: புண்ணை ஒரு செவிலியரிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள், சரியான கட்டால் மூடுங்கள், நோயாளியைத் திருப்பிப் படுக்கவையுங்கள். ஃபேனை நோயாளியின் முகத்துக்குத் திருப்புங்கள். புண்ணுக்கு அது வேண்டாம்.