மூன்று மாதம் பின்னோக்கி எண்ணுங்கள்

2020 மார்ச் 18-இல் மலேசியாவில் கோவிட் காரணமாக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. பினாங்கில் மூடிய முடிதிருத்தும் கடைகள் ஜூன் 10-இல்தான் திறந்தன. அந்த ஜூன் மாதத்தில் சீப்பில் கொத்தாக முடி வந்ததைப் பார்த்தவர்கள் புது ஷாம்பு மீதோ குழாய்த் தண்ணீர் மீதோ சந்தேகப்பட்டிருக்கலாம். ஆனால் காரணம் மார்ச்சில் நேர்ந்த அதிர்ச்சியாக இருந்திருக்கலாம்.

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் உண்டு. பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டிருக்கும். மீதி ஓய்வில் இருந்து உதிரும். தினம் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, வேலை போன அதிர்ச்சி, வீட்டில் ஒரு சாவு என எதுவானாலும், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பல ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடலாம். இரண்டு, மூன்று மாதம் கழித்து அவை சேர்ந்தே விழும். மருத்துவர்கள் இதை டெலோஜன் எஃப்ளூவியம் என்பார்கள். கோவிட் வந்து குணமானவர்களுக்கும் இது நேர்ந்தது. டெங்கிக்குப் பிறகும் நேரும். ஆகவே முடி கொட்டினால் முதலில் நாள்காட்டியைப் புரட்டி, மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்று பாருங்கள்.

இதில் வேர் சாவதில்லை. பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் உதிர்வு அடங்கும். நெற்றியோரம் குட்டி முடிகள் எழுந்து நின்றால் நல்ல அறிகுறி. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பழைய அடர்த்தி தெரிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இந்தக் காத்திருப்புதான் மக்களை மிகவும் வாட்டுகிறது. இணையத்தில் விலையுயர்ந்த எண்ணெய் வாங்க வைப்பதும் இதுதான். மருந்து என்று விற்கப்படும் பொருளில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இல்லாவிட்டால் தொடாதீர்கள். பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் இரத்தப் பரிசோதனைக்கு முன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தைராய்டு, இதயப் பரிசோதனை முடிவுகளை அது பிழையாகக் காட்டக்கூடும்.

இரும்புச்சத்து குறைந்தாலும் முடி கொட்டலாம் என்பதால், மாதவிலக்கில் அதிக இரத்தம் போகும் பெண்களும், கவலையில் வேளைச் சோற்றைத் தவிர்த்தவர்களும் அதைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். முட்டை, மீன், பருப்பு, கீரை தட்டில் இருக்கட்டும்.

தலைத்தோல் வேறு கதை. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தலையோடு கொண்டை போடுவதும், அதன் மேல் ஹெல்மெட்டோ முக்காடோ அணிவதும் அரிப்பைக் கூட்டும். மன உளைச்சலில் பொடுகும் அதிகமாகும். பொடுகு என்றால் வறட்சி என்று எண்ணி இரவெல்லாம் தேங்காய் எண்ணெய் ஊறவைக்கிறோம். பொடுகில் பங்குள்ள மலாசீசியா பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசையே உணவு. பொடுகு அடங்கும்வரை எண்ணெயை நிறுத்துங்கள். ஃபார்மசியில் கீட்டோகோனசோல் ஷாம்பு கேட்டு வாங்கி, வாரம் இருமுறை, நுரையை ஐந்து நிமிடம் தலையில் விட்டு அலசுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

தைப்பூசத்தில் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலில் மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்ற நம்பிக்கை நம்மிடம் உண்டு. நேர்த்திக்கடனை நிறைவேற்றுங்கள், அது உங்கள் பக்தி. ஆனால் கத்தி தோலுக்கு மேலேதான் ஓடுகிறது, வேரின் எண்ணிக்கை மாறாது.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. நாணயம் அளவில் வழவழப்பாக முடி போனால் அது பெரும்பாலும் புழுவெட்டு; பெயரில்தான் புழு, உண்மையில் உடலின் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குகிறது. வெங்காயம் தேய்த்துத் தோலைப் புண்ணாக்காதீர்கள். பிள்ளையின் தலையில் செதிலும் ஒடிந்த முடியுமாகத் திட்டு இருந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. களிம்பு போதாது, உள்ளுக்கு மருந்து வேண்டும். சீழ், எரிச்சல், தழும்பு போன்ற பளபளப்பு, அகன்றுகொண்டே போகும் வகிடு, ஆறு மாதம் தாண்டியும் நிற்காத உதிர்வு இவற்றுக்கும் மருத்துவர் தேவை.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். தேவைப்பட்டால் அங்கிருந்தே பினாங்கு பொது மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். காய்ச்சல் வந்த தேதி, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், மாதாமாதம் ஒரே வெளிச்சத்தில் எடுத்த வகிட்டின் படம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அன்று தலையில் எண்ணெய் வேண்டாம்.