இடை மட்டும் போதுமா? கூடைப்பந்தாட்ட வீரரின் பெறுமதியை மதிப்பிடல்

க.பொ.த. (சாதாரண தர) கணிதம்
அலகு: தரவுகளுக்கு விளக்கமளித்தல்

மாணவர்களே,

தரவுத் தொகுதியொன்றின் இடையைக் காண்பது உங்களுக்குப் புதிய வேலையன்று. மொத்தத்தை எண்ணிக்கையால் வகுத்தால் இடை கிடைக்கும். ஆனால் “இவ்விடையைக் கொண்டு நீர் எடுக்கும் முடிவு யாது? காரணம் தருக” என்று வினாவின் கடைசிப் பகுதி அமைந்துவிட்டால், கணிப்பைச் சரியாகச் செய்தவர்களும் ஏதோ ஒரு வரியை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகின்றனர். அப்பகுதியைப் பயில்வதற்கு உண்மையான தரவுகளை எடுத்துக்கொள்வோம். இவை ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்துக்கு உரியவை. (அங்கு “கல்லூரி” எனப்படுவது பல்கலைக்கழகமே. எமது பாடசாலைக் கல்லூரிகளை நினைத்துக் குழம்ப வேண்டாம்.)

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 1967 முதல் 1970 வரை மூன்று பருவங்கள் ஆடியவர் பீற் மரவிச். அவர் 83 ஆட்டங்களில் 3667 புள்ளிகளைப் பெற்றார்.

ஓர் ஆட்டத்துக்கான இடை = 3667 ÷ 83

மடக்கை அட்டவணையைப் பயன்படுத்துவோர் பின்வருமாறு செய்யலாம்.
மட 3667 = 3.5643
மட 83 = 1.9191
வித்தியாசம் = 1.6452
முரண்மடக்கை = 44.18

ஆகவே இடை 44.2 புள்ளிகள். மூன்று புள்ளி எறிகை கல்லூரி ஆட்டத்தில் பொதுவிதியாக வராத காலத்தில் பெறப்பட்டது இது. அவ்விதி 1986–87 பருவத்திலேயே வந்தது.

இனி இன்னொருவரைப் பாருங்கள். டெற்றோயிற் மேர்சி பல்கலைக்கழகத்தின் அன்ரொய்ன் டேவிஸ் 2023 இல் தம் கல்லூரி ஆட்டத்தை முடித்தபோது அவரது மொத்தம் 3664. மரவிச்சின் மொத்தத்தை எட்ட மூன்றே புள்ளிகள் போதவில்லை. ஆனால் டேவிஸ் ஆடியவை ஐந்து பருவங்களில் 144 ஆட்டங்கள். 3664 ÷ 144 = 25.4. மொத்தங்கள் ஏறத்தாழச் சமம், இடைகளோ வெகுதூரம். (இருவருக்கும் தந்தையரே பயிற்றுநர்கள் என்பது கணிதத்துக்கு வேண்டாத, ஆனால் சுவையான செய்தி.) மொத்தத்தை மட்டும் பார்த்து வீரரை எடைபோடக் கூடாது என்பதை இவ்வளவில் விளங்கிக்கொண்டிருப்பீர்கள்.

அப்படியாயின் இடையைப் பார்த்து எடைபோடலாமா? இங்குதான் நின்று யோசிக்க வேண்டும். மரவிச் ஆடிய மூன்று பருவங்களிலும் அவரது அணி பெற்ற வெற்றி தோல்விகள் முறையே 14–12, 13–13, 22–10. தேசிய சம்பியனைத் தெரிவுசெய்யும் சுற்றுப்போட்டிக்கு அவ்வணி ஒரு தடவையேனும் தகுதிபெறவில்லை. இதே காலப்பகுதியை ஒட்டி, 1966 முதல் 1969 வரை, யூ.சீ.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர் லூ அல்சிண்டோர். பின்னாளில் கரீம் அப்துல் ஜபார் என்ற பெயரால் அறியப்பட்டவர் இவரே. அவரது இடை 26.4 மட்டுமே. ஆனால் அவரது அணி 88 ஆட்டங்களில் வென்று இரண்டில் மாத்திரம் தோற்று, மூன்று தடவையும் தேசிய சம்பியனாகியது.

இவ்வேறுபாட்டுக்கான ஒரு காரணம், எல்லாம் அல்ல, கீழுள்ள தரவுகளில் தெரிகிறது.

மரவிச்: எய்தல் முயற்சிகள் 3166, வெற்றி 1387, இலவச எறிதல்கள் 1152, வெற்றி 893.
அல்சிண்டோர்: எய்தல் முயற்சிகள் 1476, வெற்றி 943, இலவச எறிதல்கள் 699, வெற்றி 439.

முதலில் தரவு சரியா எனச் சோதியுங்கள். 1387 × 2 + 893 = 3667. 943 × 2 + 439 = 2325. இவ்வாறு சரிபார்க்கும் பழக்கம் பரீட்சை மண்டபத்தில் உங்களைக் காப்பாற்றும்.

இலவச எறிதல்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாகக் கிடைப்பவை. ஆகையால் இரண்டு எறிதல்களை ஒரு முயற்சியாகக் கொள்வோம். (ஆய்வாளர்கள் பாதியிலும் சற்றுக் குறைந்த பெறுமானத்தை எடுப்பர். எமது முடிவு அதனால் மாறாது.)

மரவிச்: 3166 + 576 = 3742 முயற்சிகள். 3667 ÷ 3742 = 0.98
அல்சிண்டோர்: 1476 + 349.5 = 1825.5 முயற்சிகள். 2325 ÷ 1825.5 = 1.27

நூறு முயற்சிகளுக்கு ஒருவர் 98 புள்ளிகளையும் மற்றவர் 127 புள்ளிகளையும் பெற்றுள்ளனர். முன்பு நாம் ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தோம். இப்போது முயற்சிகளின் எண்ணிக்கையால் வகுத்தோம். வகுக்கும் எண்ணை மாற்றியதும் வரிசையே தலைகீழாகிவிட்டது. ஒவ்வோர் இடையையும் எழுதும்போது “எதற்கு” என்பதைச் சேர்த்தெழுதுங்கள். “இடை 44.2” என்பது அரைவிடை. “ஓர் ஆட்டத்துக்கு 44.2 புள்ளிகள்” என்பதே முழுவிடை.

சில மாணவர்கள் இவ்விடத்தில் அவசரப்பட்டு “எனவே மரவிச் அணிக்குப் பயனற்றவர்” என்று எழுதுவர். இது பெரும் பிழை, அநீதியுங்கூட. அவர் முதன்மை அணிக்கு வருவதற்கு முந்திய 1966–67 பருவத்தில் அவ்வணி வென்ற ஆட்டங்கள் 3; தோற்றவை 23. அடுத்த பருவத்திலேயே 14–12. ஆகவே மரவிச்சை அல்சிண்டோருடன் ஒப்பிடுவதைவிட, அந்தப் பந்து மரவிச்சிடம் போகாவிட்டால் வேறு யாரிடம் போயிருக்கும், அவர் எத்தனை புள்ளி பெற்றிருப்பார் என்று கேட்பதே பொருத்தம்.

இதை எண்களால் பார்ப்போம். மரவிச்சின் முயற்சிகள் ஓர் ஆட்டத்துக்கு 3742 ÷ 83 = 45 அளவில். சக வீரர்கள் ஒரு முயற்சிக்கு 0.8 புள்ளி பெறக்கூடியவர்கள் என வைத்துக்கொண்டால் அதே 45 முயற்சிகளில் 36 புள்ளிகள் கிடைத்திருக்கும். மரவிச்சால் அணிக்கு ஏறத்தாழ 8 புள்ளிகள் இலாபம். சக வீரர்கள் 1.1 பெறக்கூடியவர்கள் என்றால் 49.5 கிடைத்திருக்கும், அப்போது 5 புள்ளிகள் நட்டம். 0.8, 1.1 ஆகியன நாம் எடுத்துக்கொண்ட பெறுமானங்கள் மட்டுமே. ஆனால் ஒரே வீரர், ஒரே தரவு, ஓர் அணியில் இலாபம், மற்றோர் அணியில் நட்டம் என்பதைக் காண்கிறீர்கள். வீரரின் பெறுமதி அவரிடம் மட்டும் இல்லை. பக்கத்தில் நிற்பவரிடமும் இருக்கிறது.

சிறிய மாதிரியில் ஏமாறுவது மற்றொரு வழு. 1973 இறுதியாட்டத்தில் யூ.சீ.எல்.ஏ. வீரர் பில் வோல்ற்றன் 22 முயற்சிகளில் 21 ஐக் கூடையிற் போட்டு 44 புள்ளிகள் பெற்றார். சதவீதம் 95.5. அவரே கல்லூரிக் காலம் முழுவதிலும் பெற்ற சதவீதம் 65 அளவில்தான். அதுவும் மிக உயர்ந்ததே. ஆயினும் ஓர் ஆட்டத்தைக் கொண்டு பருவத்தை அளந்தால் என்னவாகும் என்பது தெளிவு. ஆறு நிமிடம் ஆடி 4 புள்ளி பெற்ற மாற்று வீரரை “முப்பது நிமிடம் ஆடினால் 20 பெறுவார்” என்று விகிதசமமாகப் பெருக்குவதும் இதே வழுதான்.

கல்லூரி ஆட்டம் ஒன்று 40 நிமிடங்கள். களத்தில் ஐவர். எனவே பயிற்றுநர் பகிர்ந்தளிக்கக்கூடியது 40 × 5 = 200 வீரர்-நிமிடங்கள். ஆடவர் முதற்பிரிவில் நெடுங்காலம் ஓர் அணிக்கு 13 புலமைப்பரிசில்களே அனுமதிக்கப்பட்டன. 2025–26 பருவத்திலிருந்து, புதிய ஏற்பாட்டில் இணைந்த பல்கலைக்கழகங்களில் அணிக்கு 15 பேர் என்ற எல்லை வந்தது. முதல் ஐவர் தலா 30 நிமிடம் ஆடினால் மிஞ்சுவது 50 நிமிடம், அதற்குப் பத்துப்பேர். ஒருவரின் இடத்தையும் சில வேளை படிப்புச் செலவையும் தீர்மானிக்கும் எண்ணைக் கணிக்கிறோம் என்ற நினைவுடன் கணியுங்கள்.

பயிற்சி

1. கெயிற்லின் கிளார்க் 2024 இல் முடிவடைந்த தம் கல்லூரிக் காலத்தில் 139 ஆட்டங்களில் 3951 புள்ளிகள் பெற்றார். ஓர் ஆட்டத்துக்கான இடையைக் கிட்டிய முதலாம் தசமதானத்துக்குக் காண்க.

2. மரவிச்சின் அணி மூன்று பருவங்களிலும் பெற்ற வெற்றிச் சதவீதங்களைத் தனித்தனியே கண்டு, அவற்றின் இடையைக் காண்க. பின் மொத்த வெற்றிகளை மொத்த ஆட்டங்களால் வகுத்துச் சதவீதம் காண்க. இரண்டும் வேறுபடுவது ஏன்?

3. கற்பனை அணியொன்றின் வீரர் “இ” ஓர் ஆட்டத்தில் 3 புள்ளிகளே பெற்றார். அவர் களத்தில் நின்ற 24 நிமிடங்களில் அணி 50 புள்ளிகள் பெற்று 41 ஐ விட்டுக்கொடுத்தது. அவர் வெளியே இருந்த 16 நிமிடங்களில் 22 பெற்று 29 ஐ விட்டுக்கொடுத்தது. (i) ஒவ்வொரு பகுதியினதும் புள்ளி வித்தியாசத்தை 40 நிமிடத்துக்கு மாற்றுக. (ii) “இ” யை அணியிலிருந்து நீக்க வேண்டும் என்ற ஒருவரின் கூற்றுக்கு உமது பதிலைக் காரணத்துடன் எழுதுக.

விடைகள்: (1) 28.4. (2) 53.8, 50.0, 68.8, இடை 57.5, மொத்தத்தின்படி 58.3. கடைசிப் பருவத்தில் ஆட்டங்கள் கூடுதலாக இருந்தமையால் அதற்கு அதிக நிறை கிடைக்கிறது. (3) (i) +15, −17.5. (ii) புள்ளி பெறாமலே தடுப்பாட்டத்தாலும் பந்தைப் பகிர்வதாலும் அவர் பயன்பட்டிருக்கலாம் எனக் குறிப்பிடுவதோடு, அந்நிமிடங்களில் அவருடன் களத்தில் நின்றவர்கள் யார் என்பதும், இது ஓர் ஆட்டத்தின் தரவே என்பதும் எழுதப்பட வேண்டும்.