கற்பூரம் எரிதலும் பதங்கமாதலும்

கற்பூர தீபம் காட்டும்போது, அது மிச்சமின்றி மறைவதுபோல ஆன்மாவும் இறைவனிடம் ஒடுங்குகின்றது எனப் பெரியோர் விளக்குவர். கருத்து நல்லது. ஆனால் அதனையே பதங்கமாதலுக்கு உதாரணமாகப் பிள்ளைகள் விடைத்தாளில் எழுதினால் புள்ளி கிடையாது. தீபத்தில் நிகழ்வது தகனம். கற்பூரம் ஒட்சிசனுடன் சேர்ந்து காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மாறுகின்றது, புகைக்கரியும் உண்டு. அது மீண்டும் கற்பூரமாகாது.

மூடாது வைத்த கற்பூரம் நாளடைவில் சிறுத்துப் போகின்றதே, அதுதான் பதங்கமாதல். திண்மம் திரவமாகாமல் நேரே ஆவியாகின்றது. மூடிய போத்தலாயின் அந்த ஆவியே கண்ணாடியின் உட்புறத்தில் பளிங்காகப் படியும். பொருள் மாறவில்லை, இடந்தான் மாறியது.

பாடசாலை ஆய்வுகூடத்தில் கலவையைப் பிரிப்பதும் இவ்வாறே. கற்பூரத்தூளும் உப்பும் கலந்து ஆவியாக்கற் கிண்ணத்தில் இட்டு, மேலே கண்ணாடிப் புனலைக் கவிழ்த்து, காம்பின் வாயில் பஞ்சு வைப்பர். பஞ்சை இறுக்கக் கூடாது; சூடேறி விரியும் வளிக்கு வழி வேண்டும். புனலின்மேல் ஈரத்துணி சுற்றலாம். மெல்லச் சூடாக்கக் கற்பூரம் ஆவியாகிப் புனலின் குளிர்ந்த உட்சுவரில் வெண்மையாகப் படியும். உப்பு உருகுவதற்கே 801 பாகை செல்சியசு வேண்டும். ஆகவே அது கிண்ணத்திலேயே கிடக்கும். கற்பூர ஆவி இலகுவில் தீப்பற்றும் என்பதால், சுடரை நேரே காட்டாது கொதிநீரின்மேல் கிண்ணத்தை வைத்துச் சூடாக்குவதே பாதுகாப்பு. நேரமெடுக்கும், பரவாயில்லை.

10 கிராம் கலவையில் 4 கிராம் உப்பு எஞ்சினால் கற்பூரம் 6 கிராம். புனலைச் சுரண்டி நிறுத்தால் அந்த 6 வராது. கொஞ்சம் ஆவியாய்த் தப்பும், கொஞ்சம் கண்ணாடியில் ஒட்டும். எஞ்சியதை நிறுத்துக் கழிப்பதே சரியான கணக்கு.

கற்பூரத்துடன் நப்தலீன் கலந்திருந்தால் இம்முறை உதவாது, இரண்டுமே பதங்கமாகும். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் கையாளும் நவச்சாரத்தையும் பாடநூல்கள் இவ்வரிசையில் சேர்ப்பதுண்டு. உண்மையில் அது சூட்டில் அமோனியாவாகவும் ஐதரசன் குளோரைட்டாகவும் பிரிந்து, குளிரும்போது மீண்டும் சேர்கின்றது.

பெற்றோருக்கு ஒன்று. பூசையறைக் கற்பூரம் குழந்தையின் கண்ணுக்குக் கற்கண்டுதான். சிறிதளவு விழுங்கினாலும் சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். வாந்தியெடுக்கச் செய்ய முயலாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். இறுக மூடிய போத்தலில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தால் கற்பூரமும் கரையாது.